விண்டோஸை விட்டுப் போகும்போது எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை என்ன செய்வது? என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட், எக்ஸ்ட்4 ஒரு ஒப்பீடு

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டு உபயோகக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஒரு நீட்டிப்பு இருக்கிறது, அவ்வளவுதான். விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்று பார்த்தால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், ஏறத்தாழ எட்டாம் தலைமுறை இன்டெல் சிப்பாவது வேண்டும். ஆக நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப் வைத்திருப்பவர்களில் ஒரு பகுதியினர் லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற இலவச ஓஎஸ் பக்கம் போகிறார்கள், கையில் காசு இருப்பவர்கள் மேக்புக் வாங்குகிறார்கள். எந்த ஓஎஸ் நல்லது என்று சொல்ல யூடியூபில் ஆள் இருக்கிறது. டிராயரில் கிடக்கிற அந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் கல்யாண ஃபோட்டோ, பத்திரங்களின் ஸ்கேன், பிள்ளைகளின் பிறந்தநாள் வீடியோ எல்லாம் புது ஓஎஸ்ஸில் எப்படி இருக்கும் என்ற கேள்வி பெரும்பாலும் பழைய ஓஎஸ்ஸை அழித்த பிறகுதான் வருகிறது.

அந்த டிஸ்க் விண்டோஸில் வாங்கிப் பயன்படுத்தியது என்றால் அநேகமாக என்டிஎஃப்எஸ் வடிவத்தில் இருக்கும் (வடிவம், அதாவது ஃபைல் சிஸ்டம் என்பது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை). சிலது கடையிலிருந்தே எக்ஸ்ஃபேட்டாக வரும். விண்டோஸில் டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால் ஃபைல் சிஸ்டம் என்ற இடத்தில் பெயர் போட்டிருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

இனி உங்கள் முன்னால் இருக்கும் வழிகள்: அப்படியே என்டிஎஃப்எஸ்ஸாக விட்டுவிடுவது, எல்லாவற்றுக்கும் பொதுவான எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுவது, புது ஓஎஸ்ஸின் சொந்த வடிவத்துக்கு மாற்றுவது (லினக்ஸுக்கு எக்ஸ்ட்4, மேக்குக்கு ஏபிஎஃப்எஸ்), டிஸ்க்கே வேண்டாம் என்று நெட்வொர்க் வழியாகவோ கிளவுட் வழியாகவோ அனுப்புவது. எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. மாறிய பிறகு இந்த டிஸ்க்கை எந்தெந்த மெஷினில் செருகப் போகிறீர்கள், இதில் இருப்பதற்கு இன்னொரு பிரதி இருக்கிறதா, இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் மீதி தானாக வந்துவிடும்.

அப்படியே விட்டால் என்ன?

உடனடியாக ஒன்றும் ஆகாது. மேக், என்டிஎஃப்எஸ் டிஸ்க்கைப் படிக்கும், எழுதத்தான் செய்யாது. அதாவது பழைய டிஸ்க்கிலிருந்து மேக்குக்குள் ஃபைல்களை எடுத்துக்கொள்வதற்கு நீங்கள் எதையும் நிறுவ வேண்டாம், காசு கொடுத்து எதையும் வாங்கவும் வேண்டாம். எழுதவும் வேண்டுமென்றால் பாராகான், டக்ஸெரா போன்ற நிறுவனங்கள் விற்கும் மென்பொருள்கள் உண்டு. ஒருமுறை இடம் மாறுவதற்காக அதை வாங்குவது வீண் செலவு என்பது என் எண்ணம். அலுவலகத்தில் தினமும் விண்டோஸ்காரர்களோடு டிஸ்க் பரிமாற வேண்டியிருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

லினக்ஸில் நிலைமை இன்னும் நல்லது, படிக்கவும் எழுதவும் முடியும். என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற பழைய டிரைவர் (அந்த வடிவத்தைப் படிக்கவைக்கும் மென்பொருள்) பல வருடங்களாக இருக்கிறது. 2021-இல் வெளிவந்த 5.15 கெர்னலிலிருந்து (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) பாராகான் எழுதிக் கொடுத்த புது டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. டிஸ்க்கைச் செருகினால் திறக்கும், ஃபோட்டோ தெரியும், புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டாலும் போகும்.

அப்புறம் ஏன் மாற்ற வேண்டும்? டிஸ்க் கோளாறு செய்யாதவரை மாற்றவே வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம். கோளாறு வந்தால்தான் சிக்கல். என்டிஎஃப்எஸ்ஸை முழுமையாகச் சரிபார்த்துச் சரிசெய்கிற நம்பகமான கருவி விண்டோஸின் செக்டிஸ்க் ஒன்றுதான். லினக்ஸில் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம், அது ஒருசில மேலோட்டமான பிழைகளைச் சரிசெய்துவிட்டு, ‘அடுத்த முறை விண்டோஸில் பரிசோதிக்கவும்’ என்று குறித்து வைக்கும், அவ்வளவே. நீங்களோ விண்டோஸை அழித்துவிட்டீர்கள். ஒருநாள் கேபிள் அசைந்தோ கரண்ட் போயோ டிஸ்க் பாதியில் துண்டிக்கப்பட்டு, மறுநாள் லினக்ஸ் அதைத் திறக்க மறுத்தால், பக்கத்து வீட்டில் யாரிடம் விண்டோஸ் இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். விண்டோஸ் மெஷின் ஒன்று வீட்டில் தொடர்ந்து இருக்கப்போகிறது என்றால் இது பெரிய குறையே இல்லை. முழுக்க விடைபெறுகிறவர்களுக்குத்தான் நான் இதை நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்கிறேன்.

இதோடு சேர்ந்த ஒரு சின்ன விஷயம். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயல்பாகவே ஆன் ஆகியிருக்கும். அது இருக்கும்போது ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை, பாதி உறங்குகிறது. அந்த நிலையில் டிஸ்க்கைப் பிடுங்கி லினக்ஸில் செருகினால் படிக்க மட்டும் விடும், அல்லது திறக்கவே மறுக்கும். கடைசியாக விண்டோஸிலிருந்து எடுப்பதற்கு முன் அதை ஆஃப் செய்துவிட்டு, முறையாக எஜெக்ட் செய்து எடுங்கள். டிஸ்க்குக்கு பிட்லாக்கர் (விண்டோஸின் பாஸ்வேர்டு பூட்டு) போட்டிருந்தால் அதையும் விண்டோஸில் இருக்கும்போதே நீக்கிவிடுவது உத்தமம். புதிய லினக்ஸ் பதிப்புகள் பாஸ்வேர்டு கொடுத்தால் பிட்லாக்கர் டிஸ்க்கைத் திறக்கும், மேக் தானாகத் திறக்காது.

எல்லோருக்கும் நல்லவன் எக்ஸ்ஃபேட்

எல்லா இடத்திலும் முதலில் பரிந்துரைக்கப்படுவது இதுதான், காரணமும் இருக்கிறது. 2006-இல் மைக்ரோசாஃப்ட் ஃபிளாஷ் மெமரிக்காகக் கொண்டுவந்த வடிவம். பழைய ஃபேட்32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக்கூடாது, இதில் அந்தத் தடை இல்லை. மேக்கில் 2010-லிருந்தே உண்டு. லினக்ஸில் ரொம்ப நாள் காப்புரிமைச் சிக்கலால் அரைகுறையாக இருந்தது. 2019-இல் மைக்ரோசாஃப்டே அதன் விவரக்குறிப்பை வெளியிட்டதும் பாதை திறந்து, 2020-இல் வந்த 5.7 கெர்னலில் சாம்சங் எழுதிய நல்ல டிரைவர் சேர்ந்தது. இன்றைக்கு மூன்று ஓஎஸ்ஸிலும் படிக்கலாம், எழுதலாம், ஓரளவு பழுதும் பார்க்கலாம். புதிய டிவிகளில் பலவும் படிக்கும்.

குறை எங்கே என்றால், இதில் ஜர்னல் இல்லை. என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்4 இரண்டும் டிஸ்க்கின் அமைப்பில் ஒரு மாற்றத்தைச் செய்யுமுன், செய்யப்போவதை ஒரு குறிப்பாக எழுதி வைத்துக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனால் அடுத்த முறை அந்தக் குறிப்பைப் பார்த்து, விட்ட இடத்தைச் சரிசெய்துகொள்ளும். எக்ஸ்ஃபேட்டில் அந்த ஏற்பாடு கிடையாது, எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் ஒரு ஃபைல் கெடலாம், சில நேரம் ஒரு ஃபோல்டரே காணாமல் போகலாம். டெஸ்க்டாப்பில் யுபிஎஸ் இல்லாமல், சொல்லாமல் மின்சாரம் போகிற ஊரில் இருந்துகொண்டு 700 ஜிபி ஃபோட்டோவை எக்ஸ்ஃபேட்டில் மட்டும் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்று இடம். 32 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கை எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்தால் இயல்பான கிளஸ்டர் அளவு 128 கேபி, அதாவது 1 கேபி ஃபைலும் டிஸ்க்கில் 128 கேபி இடத்தை அடைத்துக்கொள்ளும். வீடியோவுக்கும் கேமரா ஃபோட்டோவுக்கும் இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் புரோகிராம் எழுதுபவர்களின் பிராஜெக்ட் ஃபோல்டரையோ, பழைய இணையதளத்தின் பேக்கப்பையோ எடுத்துக்கொள்ளுங்கள்: 2 லட்சம் குட்டி ஃபைல்கள் இருந்தால் என்டிஎஃப்எஸ்ஸில் ஏறக்குறைய 800 எம்பியில் அடங்குவது இங்கே 25 ஜிபி ஆகிவிடும். இப்படிப்பட்டதை ஒரே ஜிப் ஃபைலாகக் கட்டி வைப்பதுதான் வழி, காப்பி செய்யும் நேரமும் மிச்சம்.

லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் இன்னும் ஒன்று கவனிக்க வேண்டும். எக்ஸ்ஃபேட்டுக்கு ஃபைல் அனுமதிகள், உரிமையாளர், சிம்பாலிக் லிங்க் (வேறொரு ஃபைலைச் சுட்டும் குறுக்குவழி) எதுவும் தெரியாது. உங்கள் ஹோம் ஃபோல்டரை அப்படியே அதில் காப்பி செய்து, பிறகு திருப்பிப் போட்டால் எல்லா ஃபைலும் ஒரே மாதிரி அனுமதியோடு வந்து நிற்கும், லிங்க்குகள் காணாமல் போயிருக்கும். கேள்விக்குறி, முக்காற்புள்ளி இருக்கும் பெயர்களையும் ஏற்காது. லினக்ஸில் ‘கணக்கு: 2024’ என்று பெயர் வைத்திருந்தால் எக்ஸ்ஃபேட்டுக்குப் போகும்போது பிழை காட்டும். மேக்கில் பயன்படுத்தினால் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்த குட்டி ஃபைல்கள் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஜோடியாக முளைக்கும். அவை கெடுதல் செய்யாது, டிவியில் பாட்டுப் பட்டியலைப் பார்க்கும்போது எரிச்சல் மட்டும் வரும்.

ஆக, எக்ஸ்ஃபேட் பயணத்துக்கு நல்லது, நிரந்தரக் குடியிருப்புக்கு இரண்டாம் பட்சம். அதை எங்கே ஃபார்மட் செய்வது என்று கேட்டால் விண்டோஸிலேயே செய்துவிடுங்கள் என்பேன், மற்ற மெஷின்களோடு தகராறு வருவது குறையும்.

எக்ஸ்ட்4, ஏபிஎஃப்எஸ்

முழுக்க லினக்ஸுக்கே போகிறீர்கள், டிஸ்க்கை வேறு யாரும் தொடப்போவதில்லை என்றால் எக்ஸ்ட்4 தவிர வேறு எதையும் பார்க்க வேண்டாம். 2008-லிருந்து கெர்னலில் நிலையாக இருக்கிறது, ஜர்னல் உண்டு, அனுமதிகள் அப்படியே நிற்கும், பழுது வந்தால் பார்க்கும் கருவி உங்கள் மெஷினிலேயே இருக்கிறது.

இதில் ஆபத்து டிஸ்க்கில் இல்லை, வீட்டில் இருக்கிறது. எக்ஸ்ட்4 டிஸ்க்கை விண்டோஸ் மெஷினில் செருகினால், ‘இதைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?’ என்று கேட்கும். மேக்கும் ‘இந்த டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை’ என்று சொல்லி, இனிஷியலைஸ் செய்ய ஒரு பட்டனை நீட்டும். தம்பியோ மகளோ அவசரத்தில் சரி என்று அழுத்திவிட்டால் கதை முடிந்தது. டிஸ்க்கின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி ‘லினக்ஸ் மட்டும், விண்டோஸில் செருகாதே’ என்று பேனாவால் எழுதி வையுங்கள். சிரிக்கலாம், ஆனால் இதைவிட மலிவான பாதுகாப்பு கிடையாது.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கு இங்கே தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது, ஆங்கிலத்தில் எழுதப்படும் ஒப்பீடுகளில் இது வராது. என்டிஎஃப்எஸ்ஸிலும் எக்ஸ்ஃபேட்டிலும் ஒரு பெயரின் நீளம் 255 குறியீடுகள் வரை போகலாம். எக்ஸ்ட்4-இலும் 255தான், ஆனால் அது பைட் கணக்கு. யூடிஎஃப்-8 என்ற எழுத்துச் சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் செலவாகும், புள்ளிக்கும் துணைக்காலுக்கும் கொம்புக்கும் தனித்தனியாக. ஆக 85 குறியீடுகளைத் தாண்ட முடியாது. பத்துப் பதினொரு சொற்கள் வந்தாலே எல்லை வந்துவிடும். ‘அப்பா அறுபதாம் கல்யாணம் திருக்கடையூர் அபிராமி கோயில் முன்னால் எடுத்த எங்கள் குடும்பப் புகைப்படம்’ என்கிற மாதிரி அழகாகப் பெயர் வைத்துப் பழகியவர்களுக்கு, விண்டோஸில் ஒழுங்காக இருந்த ஃபைல் எக்ஸ்ட்4-க்குப் போகும்போது ‘பெயர் மிக நீளம்’ என்று நின்றுவிடும். காப்பி தொடங்குமுன் நீளமான பெயர்களைச் சுருக்கிவிடுங்கள். மின்னூல்களும் சொற்பொழிவு ஆடியோக்களும் தமிழ்த் தலைப்போடு டவுன்லோடு ஆகியிருக்கும் ஃபோல்டரை முதலில் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் மாட்டும்.

மேக்கிலிருந்து வருபவர்களுக்கு இதற்கு ஒரு அண்ணன் இருக்கிறது. மேக்கின் பழைய வடிவமான எச்எஃப்எஸ் பிளஸ், ஒகர ஓகார எழுத்துகளைப் பிரித்துச் சேமிக்கும், ‘கோ’ என்பதை ககரம், அதன் முன்னால் நிற்கும் இரட்டைக் கொம்பு, பின்னால் துணைக்கால் என்று மூன்று குறியீடுகளாக. விண்டோஸில் தட்டினால் அதே எழுத்து பெரும்பாலும் இரண்டே குறியீடுகளாக இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், லினக்ஸுக்கு வேறு வேறு பெயர். பழைய மேக் டிஸ்க்கையும் விண்டோஸ் டிஸ்க்கையும் ஒரே எக்ஸ்ட்4 ஃபோல்டரில் கொட்டினால் ‘கோயில்’ என்ற பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எது போலி என்று குழம்பி ஒன்றை அழித்துவிடாதீர்கள், இரண்டுக்குள்ளும் வேறு வேறு ஃபோட்டோ இருக்கலாம். காப்பி செய்ய உதவும் ஆர்சிங்க் கருவியின் புதிய பதிப்புகளில் இதை மாற்றிக்கொண்டே காப்பி செய்யும் வசதி உண்டு.

மேக்குக்குப் போகிறவர்களுக்கு ஏபிஎஃப்எஸ். 2017-லிருந்து மேக்கின் இயல்பான வடிவம் அதுதான், எஸ்எஸ்டியை மனதில் வைத்து வடிவமைத்தது. உங்களிடம் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், அதில் ஏபிஎஃப்எஸ் போகப்போக மந்தமாகும். வெறும் ஃபோட்டோ, வீடியோ சேமிப்புக்கு என்றால் பழைய மேக் எக்ஸ்டெண்டட் வடிவமே (மேலே சொன்ன எச்எஃப்எஸ் பிளஸ்தான்) போதும். மேக்கின் சொந்த வசதியான டைம் மெஷின் பேக்கப்புக்கு என்றால் மேக் கேட்கிற வடிவத்தை அப்படியே கொடுத்துவிடுங்கள், அதற்குத் தனி டிஸ்க் ஒதுக்குங்கள். இரண்டு வடிவத்தையும் விண்டோஸ் தானாகப் படிக்காது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

டிஸ்க்கே இல்லாமல்

பழைய மெஷினும் புது மெஷினும் ஒரே நேரத்தில் கையில் இருந்தால் ஃபைல் சிஸ்டம் தலைவலியே வேண்டாம், நெட்வொர்க்கில் அனுப்பலாம். அவரவர் டிஸ்க்கை அவரவர் படிக்கிறார்கள், நடுவில் போவது வெறும் டேட்டா. விண்டோஸில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்தால் மேக்கும் லினக்ஸும் திறக்கும். இரண்டு மெஷினிலும் லேன் போர்ட் இருந்து ஒரு கிகாபிட் கேபிள் போட்டால் நொடிக்கு 110 எம்பி வரை போகும், இது எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கின் வேகத்துக்கு ஈடானது. வைஃபையில் அதில் பாதி வந்தாலே சந்தோஷப்படலாம். கொஞ்சம் ஃபைல்தான் என்றால் லோக்கல்சென்ட் மாதிரி இலவச ஆப் போதும்.

ஒரே லேப்டாப்பில் விண்டோஸை அழித்து லினக்ஸ் போடுகிறவர்களுக்கு இந்த வழியே கிடையாது.

கிளவுட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. 100 எம்பிபிஎஸ் அப்லோடு உண்மையிலேயே கிடைத்தாலும் 1 டிபி ஏற 22 மணி நேரத்துக்கு மேல், அதைத் திரும்ப இறக்க இன்னொரு நாள். பத்திரம், சான்றிதழ், வரி ஆவணம் இவற்றுக்கு இன்னொரு பிரதியாக வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் கிளவுட்டால் வரும் ஒரு பொறியைச் சொல்லியே ஆகவேண்டும். விண்டோஸில் ஒன்டிரைவ் ஆன் ஆகியிருந்தால், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் தெரிகிற ஃபைல்கள் எல்லாம் உங்கள் டிஸ்க்கில் இருக்கின்றன என்று நம்பிவிடாதீர்கள். பெயருக்குப் பக்கத்தில் மேகப் படம் இருந்தால் அது வெறும் பெயர்ப்பலகை, உள்ளடக்கம் இணையத்தில் இருக்கிறது. லினக்ஸ் லைவ் யூஎஸ்பியில் (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென் டிரைவ்) பூட் செய்து அந்த ஃபோல்டரைக் காப்பி செய்ய முயன்றால் வராது. மாறுவதற்கு முன், ‘எப்போதும் இந்தக் கணினியில் வைத்திரு’ என்ற தேர்வைக் கொடுத்து எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். மேக்கிலிருந்து வருபவர்களுக்கு ஐகிளவுட்டின் இடம் மிச்சப்படுத்தும் வசதியும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இரண்டாவது டிஸ்க் தேவையா?

தேவை. என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை உள்ளே இருப்பதை அழிக்காமல் எக்ஸ்ஃபேட்டாகவோ எக்ஸ்ட்4-ஆகவோ நம்பிக்கையாக மாற்றித்தரும் பட்டன் எந்த ஓஎஸ்ஸிலும் இல்லை. ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது போகும். எனவே வடிவம் மாற்றவேண்டும் என்றாலே உள்ளே இருப்பதை வேறெங்காவது இறக்கி வைக்க வேண்டும்.

டிஸ்க்கில் பாதி காலியாக இருந்தால், பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பிரிவை) சுருக்கி, பக்கத்தில் புது பார்ட்டிஷன் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளலாம் என்று சொல்பவர்கள் உண்டு. முடியும்தான். ஆனால் ஒரே ஒரு பிரதி இருக்கும் டிஸ்க்கின் எல்லைக்கோட்டை நகர்த்தும்போது கரண்ட் போனால் இரண்டு பக்கமும் போய்விடும். புது டிஸ்க் வாங்கக் காசு இல்லாவிட்டால் நண்பரிடம் ஒரு வாரத்துக்குக் கடன் வாங்குங்கள், இந்த வித்தையைச் செய்யாதீர்கள்.

நான் சொல்லும் வரிசை இது. புது டிஸ்க்கை வாங்கி, எந்த ஓஎஸ்ஸில் நிரந்தரமாக இருக்கப்போகிறீர்களோ அதன் சொந்த வடிவத்தில் ஃபார்மட் செய்யுங்கள். பழைய என்டிஎஃப்எஸ் டிஸ்க்கிலிருந்து அதில் காப்பி செய்யுங்கள். பழையதை அப்படியே, எதுவும் எழுதாமல், சில மாதங்கள் வையுங்கள். மனம் மாறி விண்டோஸுக்கே திரும்பினாலும் அது தயாராக இருக்கும். லினக்ஸே பழகிவிட்டது என்று உறுதியான பிறகு பழைய டிஸ்க்கையும் ஃபார்மட் செய்து இரண்டாவது பிரதியாக்கிக்கொள்ளுங்கள். வீட்டில் விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாம் கலந்து இருந்தால் புது டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் ஆக்கி, பழைய என்டிஎஃப்எஸ்ஸைப் பேக்கப்பாக வைத்துக்கொள்ளலாம், பழுது பார்க்கத்தான் விண்டோஸ் வீட்டிலேயே இருக்கிறதே.

காப்பி செய்யும்போது

கட் அண்ட் பேஸ்ட் வேண்டவே வேண்டாம், காப்பி மட்டும். அழிப்பது சரிபார்த்த பிறகு. இரண்டு டிஸ்க்கையும் காசு குறைந்த ஒரே ஹப்பில் மாட்டாதீர்கள், கையடக்க டிஸ்க்குகள் மின்சாரத்தையும் யூஎஸ்பி போர்ட்டிலிருந்தே எடுப்பதால் நடுவில் ஒன்று துண்டித்துக்கொள்ளும். லேப்டாப்பின் இரண்டு தனிப் போர்ட்டுகளில் மாட்டுங்கள், இரண்டும் யூஎஸ்பி 3 ஆக இருக்கட்டும். நொடிக்கு 100 எம்பி போனால் 1 டிபி மூன்று மணி நேரத்துக்குள் முடியும், பழைய யூஎஸ்பி 2 போர்ட்டில் 35 எம்பி போனால் எட்டு மணி நேரம். குட்டி ஃபைல்கள் நிறைய இருந்தால் இரண்டு கணக்கும் பொய்யாகும். ஆரம்பத்தில் வேகமாகப் போய் ஒரு மணி நேரம் கழித்துத் திணறினால் பயப்பட வேண்டாம். இன்றைய மலிவான கையடக்க டிஸ்க்குகள் பலவற்றில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியபடி எழுதப்படுவதால், தொடர்ந்து எழுதும்போது அப்படித்தான் ஆகும்.

விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு வருபவர்களுக்கு ஒரு பழக்கம் மாற வேண்டும். 2018-இல் வந்த 1809 பதிப்பிலிருந்து விண்டோஸ், யூஎஸ்பி டிஸ்க்குகளை உடனே பிடுங்கினாலும் பெரும்பாலும் பாதகம் வராதபடி வைத்திருக்கிறது, அதனால் எஜெக்ட் கொடுக்கும் பழக்கமே பலருக்கு விட்டுப்போய்விட்டது. லினக்ஸ் அப்படியில்லை. எழுத வேண்டியதை முதலில் ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு பின்னால் டிஸ்க்குக்கு அனுப்பும். காப்பி முடிந்துவிட்டது என்று திரை சொல்லும்போது பல நூறு எம்பி இன்னும் போய்ச் சேராமல் இருக்கலாம். எஜெக்ட் கொடுங்கள், ‘இனி எடுக்கலாம்’ என்று வரும்வரை காத்திருங்கள், ஒரு சில நிமிடம் ஆனாலும் சரி.

சரிபார்க்கும்போது அளவு ஒத்துவரவில்லை என்று பதறுபவர்கள் நிறைய. விண்டோஸ் 1024-ஆல் வகுத்து ஜிபி என்று போடுகிறது, மேக் 1000-ஆல் வகுக்கிறது. விண்டோஸில் 100 ஜிபி காட்டிய ஃபோல்டர் மேக்கில் 107 ஜிபி காட்டும், எதுவும் கூடவில்லை. ப்ராப்பர்ட்டீஸில் இருக்கும் முழு பைட் எண்ணையும் ஃபைல் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். ‘டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்’ என்ற எண்ணை விட்டுவிடுங்கள், அது கிளஸ்டரைப் பொறுத்து மாறும்.

எண்ணிக்கை ஒத்துவந்தாலும் உள்ளடக்கம் சரி என்று ஆகாது. லினக்ஸில் ஆர்சிங்க்கைச் செக்சம் தேர்வோடு இரண்டாவது முறை ஓட்டினால், இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு ஃபைலையும் படித்து ஒப்பிட்டு மாறுபட்டதை மட்டும் திரும்ப எழுதும். மாற்றாமல் பட்டியல் மட்டும் போடவும் அதற்கு ஒரு தேர்வு உண்டு. கமாண்ட் எழுத விருப்பமில்லாதவர்களுக்கு ஃப்ரீஃபைல்சிங்க் மூன்று ஓஎஸ்ஸிலும் ஓடும், உள்ளடக்கத்தை ஒப்பிடும் தேர்வு அதிலும் இருக்கிறது. விண்டோஸில் இருக்கும்போதே செய்வதென்றால் டெராகாப்பியில் வெரிஃபை போடுங்கள். நேரம் இருமடங்காகும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

டிவிக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் பெரிய டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றை ஃபேட்32-இல் போட்டு அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். கார் ஸ்டீரியோவும் அதைப் படிக்கும். கடையில் செருகி வைரஸ் ஒட்டிக்கொண்டு வந்தாலும் ஃபார்மட் அடித்துவிட்டுப் போகலாம், இழப்பதற்கு அதில் ஒன்றும் இருக்காது.